என் காரின் உறுமலும் எதிர்வீட்டுக்காரர் தூக்கமும்

எனக்குக் காரை விற்றவர் நேர் எதிர்க் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். காரை வாங்கும்போது இது பெரிய சௌகரியமாகத் தெரிந்தது. பிறகு, அந்த மனிதரைப் பழிவாங்கியே தீருவது என்று நான் முடிவெடுத்தபோது அதைவிடப் பெரிய சௌகரியமாகத் தெரிந்தது. பஸ் ஏறிப் போக வேண்டாம், ஆள் வைத்து விசாரிக்க வேண்டாம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றால் போதும்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலிச் சுரங்கத்தில் நான் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டர். அவர் அதே லைனில் எலக்ட்ரீஷியன். நான் கோவில்பட்டிப் பக்கம், அவர் பொள்ளாச்சிப் பக்கம். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் என்னைச் சார் என்பார். கொலை செய்வதாக இருந்தாலும் ‘கொஞ்சம் கழுத்தைக் காட்டுங்க’ என்று கேட்டுவிட்டுச் செய்கிற ஊர்க்காரர்.

அப்போதெல்லாம் புது ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தால் அது வருவதற்குள் நமக்குப் பல் விழுந்துவிடும். பதிந்துவிட்டுக் காத்திருந்து அலுத்துப்போன நேரத்தில்தான் அண்ணாச்சி தன் காரைக் கொடுத்துவிடலாம் என்றிருப்பதாகச் சொன்னார். வெளிர்பச்சை நிறம். அவருக்கு முன்பே இரண்டு கை மாறியது. நான் நாலாவது ஆள். கார் என்ன கம்பெனி என்பது இங்கே வேண்டாம். இந்தக் கதையில் கம்பெனி செய்த தப்பு எதுவும் இல்லை.

“என்ஜின் ஓடுதான்னே சந்தேகமா இருக்குமுங்க சார்,” என்றார் சாவியைக் கொடுக்கும்போது. “பால் குடிச்ச கொளந்தையாட்டம் கம்முனு கெடக்கும்.”

உண்மையிலேயே அப்படித்தான் கிடந்தது. எங்கள் பிளாக்கை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து நிறுத்தினேன். அடுத்து, கார் வாங்கிய எந்த மனிதனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரே பொருள் கண்ணில் பட்டது. ஒரு பெல்ட்.

என்ஜின் முன்னால் மூன்று சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற சின்ன ரப்பர் பெல்ட் அது. விசிறியையும் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் அதுதான் சுற்ற வைக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினேன். அரை அங்குலம் உள்ளே போனது.

அரை அங்குலத் தொய்வு! எங்கள் பிரிவில் தொய்வு என்பது பெண்டு பிள்ளைகள் முன்னால் உச்சரிக்கக் கூடாத வார்த்தை. கிலோமீட்டர் கணக்கில் மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு ஓடுகிற பெல்ட்டுகள் எங்களுடையவை. கொஞ்சம் தொய்ந்தால் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் புகையும். லைன் நின்றுவிடும், கையில் மெமோ வரும். பத்து வருஷமாக நான் கண்ட எல்லாத் தொய்வையும் இழுத்துக் கட்டியே சம்பளம் வாங்கியவன். ‘பாவம், பொள்ளாச்சிக்காரருக்குக் கரண்ட் தெரியும், பெல்ட் தெரியாது’ என்று சிரித்துக்கொண்டே டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு கடப்பாரையை நெம்புகோலாகக் கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்து, மறுபடி முடுக்கினேன். பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தேன். டங்கென்றது. அழுத்தினால் ஒரு நூல் அளவுகூட அசையவில்லை.

என் மனைவி காப்பி டம்ளரோடு வந்து நின்றாள்.

“நல்லாத்தான ஓடுச்சு? என்னத்தப் போட்டு நோண்டுதீய?”

“உனக்குத் தெரியாது. இதுதான் மெயின்டெனன்ஸ்,” என்றேன்.

மூன்று வாரம் சுகமாகப் போனது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை, சேத்தியாத்தோப்புச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, இரண்டு பக்கமும் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு நேர்ச்சாலையில் அது தொடங்கியது. முதலில் யாரோ தூரத்தில் மாவு மிஷின் ஓட்டுவதுபோல. பிறகு அந்த மாவு மிஷின் எங்களைத் துரத்திக்கொண்டு வருவதுபோல. பிறகு மிஷினே பானெட்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு சரளைக்கல்லை அரைப்பதுபோல. நடு நடுவே பன்றியை மிதித்தாற்போல ஒரு கிறீச்.

சுரங்கத்தில் எந்தச் சத்தத்துக்கும் அசையாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அன்று அந்தச் சாலையிலேயே விட்டுவிட்டு வந்தேன். காரை ஓரம் கட்டினேன் என்று சொல்வது மரியாதைக்காக. கார் ஓரத்துக்குப் போவதற்குள் நான் கதவைத் திறந்து குதித்திருந்தேன். இருபது அடி ஓடியபிறகுதான் மனைவி உள்ளேயே இருக்கிறாள் என்பது ஞாபகம் வந்தது.

“எறங்கு! எறங்குட்டி! வெடிக்கப் போகுது!”

அவள் இறங்கவில்லை. சந்தையில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டே சன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

“வெடிக்கிற காருக்குள்ள பொண்டாட்டிய விட்டுட்டு எவ்வளவு தூரம் ஓடுதாகன்னு பாக்கேன்.”

நான் திரும்பி ஓடி வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்து, மூடியிருந்த பானெட்டின் மேல் ஊற்றினேன். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வயலில் நின்ற பெண்கள் நடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். “இன்னாத்துக்குடி அந்த ஆளு காருக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறாரு?” என்று ஒருத்தி கேட்க, “புதுசா மொளைச்சி வருமான்னு பாக்குறாரு போல,” என்றாள் இன்னொருத்தி. மொத்த வயலும் சிரித்தது.

என் மேல் விழுந்த அந்தச் சிரிப்பைத்தான் நான் அப்படியே தூக்கி அண்ணாச்சி மேல் வைத்தேன். அதே சத்தத்தோடு, மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது. ஏமாற்றிவிட்டான். பால் குடிச்ச கொளந்தை என்று சொல்லி ஒரு கிழட்டு ராட்சசனை என் தலையில் கட்டிவிட்டான். பழைய கார் விற்கிறவர்கள் கியர் பெட்டிக்குள் மரத்தூள் போட்டுச் சத்தத்தை அடக்கி விற்பார்கள் என்று கேன்டீனில் ஒருவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது சும்மா கேட்டுக்கொண்ட கதை, இப்போது நேரில் பார்த்த சாட்சியாகிவிட்டது. சத்தம் கியர் பெட்டியில் இல்லையே என்ற சின்ன விஷயத்தை நான் பொருட்படுத்தவில்லை.

அன்று சாயந்தரமே அவர் வாசலுக்குப் போனேன்.

“அண்ணாச்சி, காரு சத்தம் போடுது.”

“அப்படீங்களா?” பேப்பரை மடித்தார். “நான் குடுக்கறப்ப இல்லீங்களே. நீங்க என்ன பண்ணுனீங்க?”

நீங்க என்ன பண்ணுனீங்க! சாதாரணமான கேள்விதான். இப்போது எழுதும்போது அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. அன்று அது என் காதில் சிரித்துக்கொண்டே விழுந்த அறைபோல இருந்தது. மரத்தூளையும் போட்டுவிட்டு என்னையே கேட்கிறான். “ஒண்ணும் பண்ணல,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சாலையைக் கடந்து என் வாசலுக்கு வருவதற்குள், பழி என்பது மனசுக்குள் உருண்டு திரண்டு தயாராகிவிட்டது. எந்த வழியில் என்பதுதான் பாக்கி.

அந்த வழியை ஷிப்ட் அட்டவணையே காட்டிக்கொடுத்தது. அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். ராத்திரி பத்துக்குப் போய்க் காலை ஆறுக்கு முடித்து, ஏழு மணிக்குப் படுத்தால் மதியம் வரை தூங்க வேண்டும். எனக்கோ ரெண்டாம் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்குத்தான் வேலை. காலை முழுவதும் வீட்டில் சும்மா. எங்கள் டவுன்ஷிப்பில் நைட் ஷிப்ட் ஆள் பகலில் தூங்குவதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. பக்கத்து வீட்டில் அம்மிகூட மெதுவாகத்தான் அரையும். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். அந்த மரியாதை தெரிந்தவன்தான் அதைக் கெடுக்கவும் முடியும்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. காரை என் வாசலிலிருந்து தள்ளி, அவர் படுக்கையறைச் சன்னலுக்கு நேராக நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தேன். என்ஜினை ஓடவிட்டேன்.

சரளைக்கல் அரைபட ஆரம்பித்தது. கிறீச்.

நான் செய்தது அக்கிரமம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கார் கெட்டிருக்கிறது. கோளாறைக் கண்டுபிடிக்கிறேன். ஓட்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்போம். நல்ல பேரிங் ஒரே சீராக முனகும். கெட்ட பேரிங் கல் மெல்லும். நான் அந்த ஸ்குரூ டிரைவரோடு என்ஜினின் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டேன். மேலே, கீழே, பக்கவாட்டில். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வைக்கவில்லை. பெல்ட் ஓடுகிற முன்பக்கம். அது நான் கை வைத்த இடம். நான் கை வைத்த இடத்தில் கோளாறு இருக்காது என்பது என் பரம்பரைக் கொள்கை.

என்ஜின் ஓடும் இடத்தில் நாலு பேர் கூடாவிட்டால் அது நெய்வேலியே இல்லை. எட்டு மணிக்குள் ஒரு கமிட்டி சேர்ந்துவிட்டது. எல்லாரும் எந்திரத்தோடு வாழ்கிறவர்கள். அவரவர் பிரிவின் நோயையே என் காருக்கும் கண்டுபிடித்தார்கள். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“பாய்லர் டியூப் லீக்கானா இப்படித்தான் சார் இருக்கும்.”

“இதுல பாய்லரே கெடையாதே.”

“அதான் சார் எனக்கும் ஆச்சரியமா இருக்கு.”

பல் வைத்த சக்கரத்தால் மண் வெட்டுகிற ராட்சச எந்திரத்தின் ஆபரேட்டர் அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். “பல்லு ஒடைஞ்சிருக்கு. பல்ல மாத்துங்க.”

“எந்தப் பல்லு?”

“எதனா ஒரு பல்லு. மொதல்ல மாத்துங்க, அப்பறம் பேசலாம்.”

எனக்கு இதைவிட நல்ல கமிட்டி கிடைத்திருக்காது. இவர்கள் இருக்கும்வரை கோளாறு அகப்படாது. நான் எல்லாரையும் மரியாதையாகக் கேட்டு, ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு தடவை என்ஜினை முறுக்கிக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியின் மனைவி கேட் வரைக்கும் வந்தார்.

“ஏனுங்ண்ணா, கொஞ்சம் அந்தப் பக்கமா வெச்சுப் பாக்கறீங்களா? இப்பத்தான் கண்ணசந்தாரு. சனிக்கெழம அவருக்கு ஃபோர்மேன் இன்டர்வியூங்க. வெள்ளிக்கெழம ராத்திரிக்கு லீவு கேட்டாரு, ஆளில்லைன்னுட்டாங்க. டூட்டி முடிச்சு அப்படியே போகோணும். பகல்ல நாலு மணி நேரம் தூங்குனாத்தான் படிக்கவே முடியும்னு சொல்றாருங்க.”

“அடடா, தெரியாமப் போச்சேம்மா,” என்றேன்.

காரை நாலடி தள்ளினேன். அதற்கு முன் அது சன்னலுக்கு நேராக நின்றது. இப்போது சன்னலுக்கும் சமையலறைக்கும் நடுவில். சத்தம் சுவரில் பட்டு இன்னும் நன்றாக உள்ளே போனது. அந்த அம்மாளின் பேச்சு என்னைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று அடையாளம் வைத்துக் கொடுத்ததாகத்தான் அன்று எனக்குப் பட்டது. அவர் எட்டு வருஷமாக எதிர்பார்க்கிற பதவி அது. கேட்கும்போதே உள்ளுக்குள் ஒரு தித்திப்பு. அதை நான் மறைக்கப் போவதில்லை.

புதன்கிழமை அவரே வெளியே வந்தார். பனியன், கலைந்த தலை, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல இரண்டு கண்கள்.

“சார், நீங்க கண்டுபுடிக்கறதுக்குள்ள நான் கண்ண மூடிருவனுங்க. ஒரேடியா.”

“அண்ணாச்சி, நீங்கதான கேட்டீய, என்ன பண்ணுனீங்கன்னு? அதத்தான் காலையில இருந்து தேடுதேன்.”

அவர் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்ச் சன்னலைச் சாத்தினார். சித்திரை வெயில். அஸ்பெஸ்டாஸ் இல்லாவிட்டாலும் அந்தக் குவார்ட்டர்ஸ் சன்னலைச் சாத்தினால் இட்லிப் பானைதான். ஐந்து நிமிஷத்தில் மறுபடி திறந்தார். நான் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். மறுபடி சாத்தினார். அன்று முழுக்க இந்த விளையாட்டு நடந்தது.

வியாழக்கிழமை கமிட்டியில் ஒரு அபாயம் வந்தது. பாய்லர்க்காரருக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டது.

“சார், அந்த ஃபேன் பெல்ட்டக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. சத்தம் நின்னா முன்னாடி கோளாறு. நிக்கலைன்னா உள்ள கோளாறு. தெரிஞ்சுபோயிடும்ல?”

 “பெல்ட்ட நான் பாத்தாச்சு. அதுல ஒண்ணும் இருக்காது,” என்றேன். அப்படிச் சொன்னதற்கு இரண்டு காரணம். ஒன்று, கொள்கை. இன்னொன்று, கழற்றி சத்தம் நின்றுவிட்டால்? சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. சேத்தியாத்தோப்பு ரோட்டில் எந்தச் சத்தத்துக்குப் பயந்து குதித்து ஓடினேனோ, அதை இப்போது வீட்டு நாயைப்போல் சோறு வைத்து வளர்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை என் மனைவி கார்ச் சாவியைக் காணாமல் போக்கினாள். அரிசிப் பானையில் இருந்தது. அவள் ஒளித்தால் எங்கே ஒளிப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

“உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்த மனுசன் மொகத்தப் பாத்தீயளா? செத்த பொணம் கணக்கா டூட்டிக்குப் போறாரு. அங்க கரண்டுல வேல பாக்குத ஆளு. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?”

கரண்ட் என்ற சொல் மட்டும் உள்ளே எங்கேயோ குத்தியது. சாவியை ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நாற்று நட்ட பெண்களின் சிரிப்பு ஞாபகம் வந்தது. வெளியே போனேன்.

சனிக்கிழமை இன்டர்வியூவில் நடந்தது அன்று ரெண்டாம் ஷிப்ட் தொடங்குவதற்குள் சுரங்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு ஷிப்ட் பஸ்ஸிலேயே கிடைத்தது. அறைக்கு வெளியே பெஞ்சில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி தூங்கிவிட்டாராம். மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார்களாம். பியூன் உலுக்கி எழுப்பி உள்ளே அனுப்பினானாம். முகம் கழுவக்கூட நேரமில்லை. மூன்று அதிகாரிகள். முதல் கேள்வியே மிகச் சுலபமானது. அவர் தினசரி செய்கிற வேலை.

“ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?”

அண்ணாச்சி யோசிக்கவில்லை.

“சன்னலைச் சாத்துவனுங்க.”

ஷிப்ட் பஸ்ஸே குலுங்கியது. எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை. அன்று ஷிப்ட் முடியும்வரை லைன் ஓரமாக நடக்கும்போதெல்லாம் ‘சன்னலைச் சாத்துவனுங்க’ என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வாய்ப்பு அவருக்கு இனி ஒரு வருஷம் கழித்துத்தான். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

கணக்குத் தீர்ந்துவிட்டால் சத்தத்துக்கு வேலை இல்லை அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காரை மந்தாரக்குப்பத்துக்கு ஓட்டிப்போனேன். கடைத்தெருவின் கடைசியில் ஒரு புளியமரத்தடி மெக்கானிக். பீடியை இழுத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே கேட்டார். பானெட்டைத் திறந்தார். பெல்ட்டை ஒரு விரலால் தொட்டார். உடனே விரலை எடுத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மைன்ஸுங்களா?”

“ஆமா.”

“பெல்ட்டு செக்ஷனுங்களா?”

 “ஏன் கேக்கீங்க?”

“இந்த ஊர்ல மட்டும் வர்ற வியாதிங்க இது. கார வாங்கிக்கினு வூட்டுக்குப் போனதும் மொத வேலயா பெல்ட்ட இஸ்து கட்டிப்புடுவீங்க. இது மண்ணு தூக்குற பெல்ட்டுங்களா? கொஞ்சம் லூசாத்தான் இருக்கணும். இப்டி இறுக்கினா தண்ணி பம்பு பேரிங்கு எத்தினி நாளுக்குத் தாங்கும்? மென்னியப் புடிச்சா எவனும் கத்தத்தான செய்வான்.”

இரண்டு ஸ்பேனரை எடுத்தார். பெல்ட்டைக் கழற்றினார். “இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.”

ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

ஒரு நிமிஷத்தில் நிறுத்தச் சொன்னார். எனக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. தண்ணீர் பம்பின் சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டிக் காட்டினார். பொக்கை வாயில் ஆடுகிற பல்லைப்போல ஆடியது. “இஞ்சினு தங்கம்ங்க. இதுக்கு முன்னால வச்சிருந்தவரு நல்லா வச்சிக்கினு இருந்திருக்காரு,” என்றார். அந்த ஆள் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது புது பேரிங், தொய்வான பெல்ட், கார் கம்மென்று இருந்தது. நான் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்தேன். பழைய பம்பு, வயசாகிவிட்டது, தானாகப் போய்விட்டது. பொய் நன்றாகத்தான் இருந்தது. சத்தம் நின்றுபோனதே காட்டிக்கொடுக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. காரை நிறுத்தி இறங்குவதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

“சத்தம் நின்னுபோச்சுங்களே சார். என்ன கோளாறுங்க?”

ஒரு வாரத் தூக்கம் முகத்தில் பாக்கி இருந்தது. நக்கல் இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு இருக்கிற சாதாரண ஆர்வம்தான்.

“அது... பம்பு அண்ணாச்சி. வயசாயிடுச்சுல்லா...”

“பம்பு தானா ஒண்ணும் போகல,” என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. மெக்கானிக் சொன்னதை நான் அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே படித்துவிட்டாள். “இவுகதான் வாங்குன அன்னைக்கே பெல்ட்டக் கடப்பாரையப் போட்டு இறுக்குனாக. நான் அப்பவே கேட்டேன்.”

அண்ணாச்சி மெதுவாகப் பானெட்டைத் திறந்தார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் உள்ளே போனது. விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு நிச்சயமாக ஞாபகம் இல்லை. ஏதோ உளறினேன். பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

“பரவால்லீங்க சார்,” என்றார். “நானும் உங்களுக்கு ஒண்ணு செய்யோணுமல்லங்க? செய்யறனுங்க. எப்பன்னு மட்டும் சொல்ல மாட்டன்.”

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று தொடங்கியது எனக்குப் பயம். மறுநாள் காரை எடுக்கும் முன் கீழே படுத்துப் பார்த்தேன். சக்கர நட்டுகளை எண்ணினேன். பெட்ரோல் டேங்கை மோந்து பார்த்தேன், சர்க்கரை வாசம் வருகிறதா என்று. சர்க்கரைக்கு வாசம் கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை. அவர் வீட்டிலிருந்து பொங்கலுக்கு அரிசிம்பருப்பு சாதமும் கச்சாயமும் வந்தன. மனைவி சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனபிறகு நான் சாப்பிட்டேன். அதற்காக அவள் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த வருஷம் அவர் ஃபோர்மேன் ஆனார். எங்கள் லைனுக்கே. என் லீவு கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் இனி அவர்தான். இதோ வருகிறது என்று நினைத்தேன். லீவு கேட்டேன். கொடுத்தார். வேண்டுமென்றே இரண்டாம் தடவை கேட்டேன். “ஊர்ல எல்லாரும் சௌக்கியங்களா?” என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். ஷிப்ட் போடும்போது எனக்கு ஒரு நைட்கூடக் கூடுதலாக விழவில்லை. ஒரு மனிதன் இத்தனை நியாயமாக நடந்துகொண்டால் எதிரில் இருப்பவன் எப்படித் தாங்குவான்? ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் சக்கர நட்டுகளை இன்னொரு முறை எண்ணினேன்.

அந்தச் சத்தம் நின்று மூன்று வருஷம் கழித்து எனக்கு இன்டர்வியூ வந்தது. அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். அட்டவணை தானாகச் சுற்றி வந்ததுதான், யாரும் போட்டதில்லை. ஆனால் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். அவரிடமும் இப்போது ஒரு பழைய கார் இருந்தது. காலையில் அதை என் சன்னலுக்கு வெளியே நிறுத்துவார். பானெட்டைத் திறப்பார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் படுத்தேன். காதில் பஞ்சு. சன்னல் சாத்தியாயிற்று. காத்திருந்தேன். எட்டு. ஒன்பது. ஒரு சத்தமும் இல்லை. அம்மிச் சத்தம்கூட இல்லை. கோழிக் குஞ்சு கத்தவில்லை. ‘இப்ப வரும்’ என்று பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை. மறுபடி பஞ்சை வைத்தேன். வைத்த உடனே தொடங்கிவிட்டாரோ என்று மறுபடி எடுத்தேன். மதியம் ஒரு மணிவரை இப்படியே. செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. வியாழக்கிழமை எழுந்து சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கார் அங்கேயே இல்லை. எதையோ பெரிதாகத் தயார் செய்யத்தான் எங்கேயோ கொண்டுபோயிருக்கிறார் என்று அன்றும் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மனைவியிடம் அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“அவருதானுங்க கீரைக்காரம்மாவக்கூட நம்ம தெருப்பக்கம் கூவ வேண்டாம்னு சொல்லிட்டாரு. காரையும் கொண்டுபோயி வேற பிளாக்குல விட்டுட்டாரு. அண்ணா நல்லாத் தூங்கோணும், இன்டர்வியூ இருக்குதல்லன்னு.”

சனிக்கிழமை நான் மூன்று அதிகாரிகளின் முன்னால் நின்றேன். ஐந்து நாள் தூக்கமில்லாத மண்டை. முதல் கேள்வியே பெல்ட்டின் தொய்வைப் பற்றியது. எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். மாபெரும் கொட்டாவி ஒன்று வந்தது. அது முடிவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று மாலையே எதிர்வீட்டுக்குப் போனேன்.

“முடிஞ்சுதா அண்ணாச்சி?”

“எதுங்க?”

“அதுதான்... நீங்க செய்யுதேன்னு சொன்னது.”

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். “நான் எப்பங்க சார் சொன்னேன்?”

அந்த முகத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். நிஜமாகவே மறந்துவிட்டாரா, அல்லது அந்த நெற்றிச் சுருக்கம்தான் கடைசிச் சுற்றா என்பது இன்றுவரை தெரியவில்லை. ஐந்து நாள் தெருவையே அமைதியாக்கி என்னைத் தூங்கவிடாமல் அடித்தது திட்டம் என்றால், அந்த ஆளைக் கும்பிடுகிறேன். ஒரு ஃபிட்டர் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையோடு தோற்றுப்போகிறேன். ஆனால் மூன்று வருஷம் நான் சக்கர நட்டு எண்ணிக்கொண்டு திரிந்தபோது, அவர் அதை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார் என்று மட்டும் தெரியவரட்டும். அப்புறம் அவரைச் சும்மா விடுவதாக இல்லை.